புகை விடும் வேனும் புதுப்பேட்டை இன்ஜினும்

நாமக்கல் புறவழிச்சாலைப் பட்டறை. லாரிகளுக்கும் போர்வெல் வண்டிகளுக்கும் நடுவே, சன்னலுக்குத் திரைச்சீலை போட்ட ஒரு டெம்போ டிராவலர். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கூரையில் சோலார் தகடு. டீ குடிக்க வந்த டிரைவர்கள் எல்லாரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டே போனார்கள்.

2009 மாடல். பள்ளிக்கு ஓடி ஓய்ந்த வண்டியை என் நண்பர் வாங்கி, கரூரில் பாடி வேலை செய்து வீடாக்கியிருந்தார். இப்போது கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறினால் பின்னால் நீலப் புகை. ஆயிலும் மளமளவென்று குறைகிறது. பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய இன்ஜினைப் பிடித்து மாட்டிவிடலாம் என்று முக்கால் முடிவோடு வந்திருந்தார்.

மேஸ்திரி இன்ஜின் பக்கமே போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங் மாட்டும் இடங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். “அடிச்சட்டத்துல துரு ஏறியிருந்தா இன்ஜின் பேச்சே வேண்டாங்க சார்.” சத்தம் கணீரென்று வந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

வண்டியை ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்ததும், இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல் குபுகுபுவென்று புகை. ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு தடவை மட்டும் நீலமாகத் துப்பினால் வால்வு சீலாக இருக்கலாம். அது சின்ன வேலை. இது அப்படியில்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை, ஆயில் பால்நிறமாகவும் இல்லை. ஹெட் கேஸ்கெட் தப்பித்தது.

பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் கேஜை முடுக்கிப் பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கம்மி. ஆனால் கிட்டத்தட்ட ஒரே அளவு. பெட்ரோல் வண்டியில் செய்வதுபோல் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாமா என்று கேட்டேன். “டீசல்ல வேண்டாங்க. ஆயில் அமுங்காது, ராடு வளைஞ்சுரும்.”

நாலும் சேர்ந்தாற்போல் தேய்ந்திருந்தால் காரணம் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸை உருவி உள்ளே விரலை விட்டார். விரல் நுனியில் செம்மண். ஹோஸின் அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத மடிப்பில், ஒரு வெடிப்பு. ஃபில்டரை எத்தனை தடவை மாற்றி என்ன? தூசி அதற்கப்பால் நுழைந்து சிலிண்டரை அரத்தால் ராவியிருக்கிறது. இதைப் பார்க்காமல் புது இன்ஜினே வைத்திருந்தாலும் அதற்கும் இதே கதிதான்.

நண்பர் இன்னும் புதுப்பேட்டையை விடவில்லை. விலை குறைவு, ஒரு வாரத்தில் வண்டி கைக்கு வந்துவிடும் என்றார். அந்த இன்ஜின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எதற்காகக் கழற்றினார்கள் என்று யார் சொல்வது? ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும், அதற்கு ஒழுங்கான பில் வேண்டும். இப்போதைய டிராவலரில் வரும் காமன் ரயில் இன்ஜின் என்றால் கம்ப்யூட்டர், வயரிங் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். மலையில் நின்றுபோனால் ஸ்பேனரோடு சமாளிக்கிற சௌகரியமும் போய்விடும். ஊர் ஊராகச் சுற்றும் வண்டிக்கு அந்தச் சௌகரியம் பெரிது என்பது என் கட்சி.

கடைசியில் மேஸ்திரி சொன்னதுதான் நின்றது. இன்ஜினை இறக்கிப் பிரிப்பது. கிராங்க் இன்னும் ஸ்டாண்டர்டிலோ பத்து அண்டரிலோ இருந்தால், அதாவது கால் மில்லிமீட்டருக்கு மேல் கடைசல் பிடித்திருக்காவிட்டால், போர் போட்டு, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு இதே இன்ஜினைக் கட்டுவது. ஏற்கெனவே நாற்பது வரை கடைந்திருந்தாலோ பிளாக்கில் கீறல் இருந்தாலோ மட்டும் புதுப்பேட்டைக்குப் போன் போடுவது.

நண்பர் அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார். அதிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்துப் பட்டறைப் பையனிடம் நீட்டி, முதலில் ஏர் ஹோஸும் இரண்டு கிளாம்பும் வாங்கி வரச் சொன்னார் மேஸ்திரி.