குட்டியானையில் ஏறாத குதிரை

குட்டியானையில் குதிரையை ஏற்றப் பழக்கினேன் என்று சொன்னால் எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் இன்றும் சிரிக்கிறார்கள். குட்டியானை என்பது டாட்டா ஏஸ் வண்டி. குதிரை எங்கள் அப்புச்சி வளர்க்கும் செல்லி. நாலடி உயர மட்டக்குதிரை. மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம் என்று சம்பாதித்துக் கொடுக்கிற பெண் குதிரை.

2023 ஆடி மாதம். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அங்கே செல்லியைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு இரவு திரும்பும்போதுதான் அது நடந்தது. இரண்டு பேர் முன்னால் கயிற்றை இழுக்க, இரண்டு பேர் பின்னால் தட்ட, ஒரு பலகை வழியாக ஏற்றினார்கள். பலகை நகராமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. நானோ ராட்டினத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை சறுக்கியது. செல்லியின் முன்னங்கால் இடுக்கில் சிக்கி, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

புண் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. ஏஸ் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கண்ணில் வெள்ளை தெரிய உதறும். வெளியூர் அழைப்புகள் நின்றுபோயின.

“ஏறாத குதிரைக்கு எதுக்குக் கொள்ளு? வர்ற ஆடிக்கு வித்துப்போடலாம்” என்றார் மாமா. அப்புச்சி வாயே திறக்கவில்லை.

“விக்கறதுக்கும் அந்தியூர் போவோணுமே மாமா? அதுக்கும் ஏறோணுமில்ல?” என்றேன்.

“அப்ப நீயே ஏத்திக் காட்டு.”

விளையாட்டாகக் கேட்டது வினையாகிவிட்டது. நான் ஏற்றப் பழக்கினால் விற்பதற்கு வசதி. பழக்காவிட்டால் விற்பதற்குக் காரணம்! இந்தக் கணக்குக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை.

தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கினேன். வண்டியின் தட்டு தரையிலிருந்து இரண்டேகால் அடி. பழைய பலகை நாலடி. அப்படியென்றால் சாய்வு ஏறத்தாழ 34 டிகிரி. மனுசனே கையூன்றி ஏற வேண்டிய சாய்வு! பழைய இரும்புக் கடையில் ஆங்கிளும் செக்கர்ட் பிளேட்டும் வாங்கி, எட்டடியில் ஒரு சாய்தளம் வெல்டிங் செய்தேன். சாய்வு 16 டிகிரிக்கு இறங்கியது. வண்டியோடு கொக்கி போட்டு மாட்டும்படி செய்தேன், இனி யாரும் பிடிக்க வேண்டியதில்லை. இரும்பு ‘டங்’ என்று அதிர்ந்தால் குதிரை மிரளும் என்பதால் மேலே ரப்பர் பாய்.

அப்படியும் செல்லி கிட்டே வரவில்லை. எங்கள் ஊர் கால்நடை டாக்டர்தான் விளக்கினார். குதிரைக்குப் பக்கவாட்டில் பார்வை அதிகம். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக நம்மைவிட நேரமாகும். தலையைத் தூக்கி இழுத்தால் அது காலடியைப் பார்க்க முடியாமல் இன்னும் மிரளும். உடனே தார்ப்பாயைக் கழற்றினேன். வண்டியைக் காலை வெயில் உள்ளே விழும்படி திருப்பி நிறுத்தினேன்.

கயிற்றில் லேசான பிடி மட்டும். ஓர் அடி முன்னால் வைத்தால் அந்த நொடியே பிடியைத் தளர்த்த வேண்டும். தளர்வதுதான் அதற்குக் கூலி. முதல் நாள் மோந்து பார்த்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரு குளம்பு. ஒன்பதாம் நாள் முன்னிரண்டு கால்களும் உள்ளே. எனக்குப் பேராசை வந்துவிட்டது. பின்னாலிருந்து தட்டினேன். செல்லி பின்னோக்கிப் பாய்ந்து என்னையும் உருட்டிவிட்டு லாயத்துக்கே ஓடிவிட்டது.

அப்புச்சி கைத்தடியோடு வந்தார். “உள்ள போனா திரும்பி வரலாம்னு அதுக்கு எப்படித் தெரியும் கண்ணு? மொதல்ல எறங்கப் பழக்கு.”

எட்டு நாள் உழைப்பை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாரே என்று அன்று கோபம்தான். ஆனால் அவர் சொன்னபடியே செய்தேன். ஓர் அடி ஏறி ஓர் அடி பின்வாங்கி, இரண்டடி ஏறி இரண்டடி பின்வாங்கி. எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்று தெரிந்த பிறகு அது இறங்க அவசரப்படவில்லை. ஐந்தாவது வாரம் உள்ளே நின்று கொள்ளு தின்றது. பின்கதவைச் சாத்திய பிறகே கயிற்றைக் கட்டினோம்; முன்னதாகக் கட்டினால் பின்வாங்கும்போது கழுத்து மாட்டிக்கொள்ளும்.

2024 ஆடி வந்தது. சந்தையில் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் செல்லியின் பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். மாமா கேட்ட விலைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். கடைசியாக, “வண்டியில ஏறுமுங்களா?” என்று அப்புச்சியிடம் கேட்டார்.

அப்புச்சி என்னைப் பார்க்கவே இல்லை.

“அதுதானுங்க சங்கடம். ஏறவே ஏறாதுங்க.”

அவர் போய்விட்டார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். இருட்டியதும் சாய்தளத்தை மாட்டி, டார்ச்சை உள்ளே தொங்கவிட்டேன். செல்லி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, கயிறு தொங்க, தானாக ஏறி நின்றது.