ஒரே கோலம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கெங்குவார்பட்டியில் பொழுது புலருமுன்பே தெருவெங்கும் கோலம் மலரும். கொடைக்கானல் மலை பனியில் மறைந்திருக்கும். என் தங்கை மகள் கோலமிடுவதைக் காண்பதற்கென்றே நான் ஆண்டுதோறும் ஊருக்குச் செல்வேன்.

பிறந்த வேளையில் அவளுடைய மூளையின் வலப்பாதிக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று அடைபட்டது. அதனை நாங்கள் உடனே அறிந்தோமில்லை. ஏழாம் மாதத்தில், பொம்மையை நீட்டினால் வலக்கை மட்டுமே முன்வருவதைக் கண்டு என் அன்னையே முதலில் ஐயுற்றார். ஓராண்டு நிறையுமுன் ஒரு கையையே நாடும் குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இடக்கையை ஆள்வது மூளையின் வலப்பாதி என்று மருத்துவர் விளக்கினார். “இவள் பேசுவாளா?” என்று கலங்கினாள் தங்கை. சற்றுக் காலந்தாழ்த்தே பேசினாள். இன்றோ எங்களைப் பேச விடுவதில்லை.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இருக்கும். ஆறு வயதிற்குள் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். அவ்வாறு வளரும் பருவத்தில் ஓரிடம் பழுதுற்றால், பிற இடங்கள் அதன் பணியில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆயினும் அப்பணி முன்போலவே நடைபெறும் என்று கூற இயலாது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் ஜோன் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் இத்தகைய குழந்தைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வலப்பாதி பழுதுற்ற சிறுவர்கள் வீடு வரையும்போது கதவும் சன்னலும் கூரையும் வரைந்தனர். அவை ஒன்றுகூடி வீடாகவில்லை. சில ஆண்டுகளில் அவர்களே நல்ல வீடு வரைந்தனர். ஆனால் மீண்டும் மீண்டும் அதே வீடு.

இதைப் படித்தபோது எனக்குக் கோலமே நினைவில் வந்தது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றிவந்து, தொடங்கிய இடத்தையே அடையும். ஐந்து வயதில் அவள், பாட்டி வைத்த புள்ளி ஒவ்வொன்றையும் தனித்தனியே அழகாக வளைத்தாள், கோடுகள் கூடவில்லை. கவனமில்லை என்று நான் கடிந்துகொண்டேன். அதை நினைக்க இன்றும் நாணுகிறேன். இப்போது அவளுக்கு வயது பத்து. கோலம் ஒன்றைப் பிழையின்றி இடுகிறாள். நாள்தோறும் அந்தக் கோலந்தான்.

சென்ற மார்கழியில் அவள் வைத்த புள்ளிகளோடு நான் மற்றொரு வரிசை சேர்த்தேன். கோலமாவை விரலிடையில் பிடித்தபடியே நெடுநேரம் நோக்கியிருந்தாள்.

“மாமா, கோடு இங்கே எப்படித் திரும்பும்?”

எனக்கும் தெரியவில்லை. ஈரத் தரையில் இருவரும் குந்தி, விரலால் வழிதேடத் தொடங்கினோம். பால்காரர் மிதிவண்டியை விட்டிறங்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு சென்றார்.