பம்பும் முப்பத்தெட்டாம் பிரிவும்

திருச்சி விமான நிலையம் தாண்டி மாத்தூர் வரைக்கும் லாரிகளின் ராஜ்யம். அதற்கப்புறம்தான் புதுக்கோட்டைச் சீமை தன் நிறத்தைக் காட்டும். செம்மண், மொட்டைப் பாறைக் குன்றுகள், கரை உயர்ந்த கண்மாய்கள், இடையிடையே ஆளரவமற்ற தைலமரக் காடுகள். மார்கழிப் பனி விலகும் நேரத்தில் இந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பது எனக்கு வாய்த்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

கீரனூரில் டீ குடிக்க இறங்கினேன். கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"தனியாவாம்மா வர்றீங்க? கையில எதாச்சும் வச்சிருக்கீங்களா?"

கத்தியோ பெப்பர் ஸ்பிரேயோ இருக்கிறதா என்று அர்த்தம். தனியாகச் சைக்கிளில் போகும் பெண்ணிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. அம்மா கேட்பார். சோதனைச் சாவடியில் நிற்கும் பெண் காவலர்களும் கேட்பார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. பம்ப், டார்ச், விசில், ஒரு கட்டிச் சோப்பு என்று நான் அடுக்கியதும் அவர் முகத்தில் கவலை கூடியது. "அதெல்லாம் போதுமா?"

போதும் என்பது யோசித்து எடுத்த முடிவு.

பெப்பர் ஸ்பிரே வாங்க நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. பேருந்து நிறுத்தத்திலும் இரவு நேர ரயில் நிலையத்திலும் அது உதவும். வைத்துக்கொள்ளும் தோழிகளை நான் தடுப்பதில்லை. சைக்கிளில் அதன் பாடு வேறு. எதிர்க்காற்றில் அடித்தால் அடித்தவள் கண்ணுக்கே திரும்பி வரும். எடுத்துக் குறிபார்ப்பதற்குள் ஒரு கை ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் விட்டாக வேண்டும். வெயிலில் பக்கப்பைக்குள் மாதக்கணக்கில் காய்ந்த குப்பியை, காலாவதித் தேதி தாண்டிய பிறகு, நம்பி நிற்கவும் முடியாது. கையில் இருப்பதாலேயே எதற்கும் அடித்துவிடலாம் என்றும் இல்லை. ஒரு கடைத் தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள், அது தற்காப்பு, வழக்கை ரத்து செய்யுங்கள் என்று கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் அது செல்லாது, பெப்பர் ஸ்பிரேயும் ஆபத்தான ஆயுதம்தான் என்று 2024இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கத்தி விஷயத்தில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் அளவு சொல்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்தவை நீங்கலாக. பழம் நறுக்கும் சின்னக் கத்தி யாருக்கும் பிரச்சினையில்லை. ஆனால் சண்டைக்கென்று கத்தி வைத்துக்கொள்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பழக்கமில்லாத கையிலிருந்து கத்தியைப் பறிப்பது எளிது. பறித்தவன் என்னைவிட பலசாலி என்றால் அவனுக்கு ஆயுதம் கொடுத்தவள் நானாகிவிடுவேன்.

நார்த்தாமலையில் வண்டியைக் கீழே பூட்டிவிட்டு மேலமலை ஏறினேன். விஜயாலய சோழீச்சரத்தின் வட்டவடிவக் கருவறையைச் சுற்றி வந்து, பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அங்கிருந்து பார்த்தால் நான் போக வேண்டிய அன்னவாசல் திசை முழுக்கத் தைலமரம்.

அந்தத் தைலமரங்களுக்கு நடுவில்தான் அது நடந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பையன்கள். முன்னால் போவார்கள், வேகம் குறைப்பார்கள், நான் தாண்டியதும் மறுபடி வருவார்கள். பேச்சு முதலில் கேலியாக இருந்தது, பிறகு அசிங்கமானது. ஒரு வளைவில் வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்தி ஒருவன் இறங்கினான். நானும் இறங்கினேன். சைக்கிளை அவனுக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தி, பம்பை உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன். "வழியை விடு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு உரக்க வந்தது. இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் முழங்கையில் அடிப்பது என்று தீர்மானித்திருந்தேன்.

அடிக்க வேண்டியிருக்கவில்லை. மரங்களுக்குப் பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா, தோளில் தொரட்டியோடு சாலைக்கு ஏறி வந்தார். "ஏத்தா, என்னத்தா பண்றானுக? எவன்டா நீ, எந்தூரு?" என்று கேட்டுக்கொண்டே தொரட்டியை இறக்கிக் கையில் பிடித்தார். ஊர்ப் பெயரைச் சொல்ல அவர்களுக்குத் தைரியமில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணைப் பார்த்து வைத்திருந்தேன். 112ஐ அழைத்துச் சொன்னேன். அப்பத்தா அதுவரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

அந்தச் சில நிமிடங்களில் என் கை நடுங்காமல் இருந்ததற்குப் பம்ப் காரணமில்லை. அது அரைக் கிலோகூட இல்லாத அலுமினியக் குழாய். நான் அடித்தால் குற்றவாளி நானில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் வளர்ந்த பெண்கள்தான் நம்மில் ஏறக்குறைய எல்லோரும். 'கையை ஓங்கினா கேஸ் ஆயிடும்', 'பேசாம வந்துடு' என்று கேட்டுக் கேட்டு, ஆபத்து முகத்துக்கு நேரே வந்து நிற்கும்போதுகூட அடிக்கலாமா கூடாதா என்று யோசித்து நிற்கிறோம். அந்த யோசனைதான் எதிராளிக்குக் கிடைக்கும் நேரம்.

சட்டம் அப்படித் தயங்கச் சொல்லவே இல்லை. 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமைக்காக ஒதுக்கப்பட்டிருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமாகாது என்கிறது 34. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்கலாம் என்கிறது 35. தொரட்டியோடு வந்த அப்பத்தாவுக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. அடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்; தாக்க முயன்றதாலோ மிரட்டியதாலோ நியாயமான அச்சம் எழுந்த கணத்திலேயே உரிமை தொடங்கிவிடுகிறது என்கிறது 40. அச்சம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்தது. ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பில்லை.

உச்சிக்குப் போவது 38ஆம் பிரிவு. உயிர் போகும், கொடுங்காயம் படும், பாலியல் வன்முறை நடக்கும், கடத்துவார்கள், அமிலம் வீசுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தடுக்கும்போது தாக்கியவனின் உயிரே போனாலும் அது குற்றமாகாது. அமில வீச்சு இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2013இல்தான்.

இது புத்தகத்தில் மட்டும் கிடக்கும் பிரிவு இல்லை. 2012இல் மதுரை மாவட்டத்தில், பெற்ற மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்துபோனான். அன்றைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், அப்போதைய 100ஆம் பிரிவைக் காட்டி அவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தியைக் காட்டிப் பலாத்காரம் செய்ய வந்தவனிடம் இருந்து கத்தியைப் பறித்துக் குத்திய 19 வயதுப் பெண்ணையும் காவல்துறை அதே பிரிவின்கீழ் விடுவித்தது. ஒருவர் கையில் கிரிக்கெட் மட்டை, இன்னொருவர் கையில் வந்தவனின் கத்தி. தற்காப்புக்கென்று முன்கூட்டி வாங்கி வைத்த எதுவும் இருவரிடமும் இல்லை. சட்டம் பார்த்தது பொருளை அல்ல, அந்த நொடியை.

வரம்பும் இருக்கிறது, அதையும் தெரிந்திருக்க வேண்டும். 37ஆம் பிரிவின்படி, போலீஸ் உதவியை நாட நேரம் இருக்கும்போது இந்த உரிமை இல்லை. தடுக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. தைலமரக் காட்டில் குறுக்கே வண்டியைப் போட்டவனுக்கும் எனக்கும் நடுவில் போலீஸ் வர நேரமில்லை. அதே ஆட்கள் கீரனூர்க் கடைத்தெருவில் நின்று பேசியிருந்தால் கணக்கு வேறு. ஆபத்தில் இருப்பவர் ஓடித் தப்பியிருக்கலாமே என்று கேட்க முடியாது என்பதையும், அந்த நேரத்து அடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2010இல் வந்த தர்ஷன் சிங் வழக்கின் தீர்ப்பு அவற்றையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறது.

அன்னவாசலை நெருங்கும்போது எதிர்ப்பட்டது வேறு வகை. பிராய்லர் கடைக் கழிவு கொட்டுகிற இடத்தில் நாய்க்கூட்டம். சைக்கிள் பயணிகளை உண்மையில் அதிகம் துரத்துபவை இவைதான். தற்காப்பு உரிமை குற்றத்துக்கு எதிரானது. நாய் குற்றம் செய்வதில்லை. அடித்து ஊனமாக்கினால் அதே சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. வேகமெடுத்துத் தப்ப நினைப்பது வீண், ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. நின்று, இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைப்போடு முடிந்துவிடும். பல் பட்டுவிட்டால்தான் சோப்பு: காயத்தை ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு ஆரம்ப சுகாதார நிலையம். முதல் நாள், 3, 7, 28 என்று ஊசி. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் மருந்தில்லை என்பதால் என் பையில் சோப்புக்கே முதலிடம்.

குடுமியான்மலை வழியாகப் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். நான் இந்த மாவட்டத்தைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரம் ஆயிரமாய் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் ஓட்டும் கம்பி வைத்த சைக்கிளையே பல பெண்கள் விரும்பினார்கள், கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதற்காக. வழிநெடுக அவர்கள் கேட்ட வசவும் கொஞ்சமில்லை.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் அக்கா. தைலமரக் காட்டுக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க காலத்துல நாங்க கூட்டமாப் போவோம்மா. பேசுறவன் பேசுவான், கிட்ட வரமாட்டான்." பேத்தி பதினொன்றாம் வகுப்பு, அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளோடு தொடங்கிய திட்டம் இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சைக்கிள் தருகிறது. மகத்தான காரியம். அந்தச் சைக்கிளோடு இந்தப் பதினோரு பிரிவுகளையும் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சடித்து ஏன் கொடுக்கக்கூடாது என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அக்கா கேட்ட கேள்வி கூர்மையானது. "அடிச்சுட்டு நாமளே ஸ்டேஷனுக்குப் போனா நம்மளையே உள்ள வச்சுற மாட்டாங்களா?"

வைக்கலாம். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு அடித்தவர் மீதுதான் என்கிறது சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால்தான் முதலில் நாம் போக வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், சம்பவம் அவர்கள் எல்லையில் நடக்காவிட்டாலும் பதிவு செய்தாக வேண்டும். கிழிந்த துணியைத் துவைக்கக் கூடாது, காயத்தை அரசு மருத்துவரிடம் காட்டிப் பதிய வைக்க வேண்டும். இதெல்லாம் சொன்னேன்.

பேத்தி குறுக்கிட்டாள். "வெறும் வாயால பேசுறவனை அடிக்கலாமா அத்தை?"

கூடாது, அதற்குப் புகார் இருக்கிறது, 79ஆம் பிரிவும் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கின்றன என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அது பேச்சோட நிக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. சட்டமும் அதை யோசித்திருக்கிறது என்று 40ஆம் பிரிவை அவளுக்கு விளக்கினேன். தூரத்திலிருந்து கத்துகிறவன் வேறு. வழியை மறிப்பவன், கையைப் பிடிக்க வருபவன், 'வா, இல்லன்னா பாரு' என்பவன் வேறு. அங்கே அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அவள் கணக்கு நோட்டை எடுத்துவந்து 34, 35, 37, 38, 40 என்று எழுதிக்கொண்டாள். 37 எதற்கு, அது நமக்கு எதிரானதுதானே என்று கேட்டாள். அதையும் எழுதத்தான் வேண்டும் என்று சொல்லி, போலீஸ் வர நேரமிருக்கும் இடம் எது, நேரமில்லாத இடம் எது என்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை வைத்தே இரண்டு பேரும் குறிக்க ஆரம்பித்தோம்.