அன்றைய கீறல் அன்றைக்கே

சிம்லாவில் லக்கர் பஜாருக்குக் கீழே திறந்தவெளி ஐஸ் ஸ்கேட்டிங் தளம் ஒன்று இருக்கிறது. டென்னிஸ் ஆடுகளத்தில் தேங்கிய நீர் இரவில் கட்டியாக உறைந்து கிடந்ததைப் பார்த்து, பிளெசிங்டன் என்பவர் 1920-ல் அதைத் தொடங்கினார் என்பார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, தலைமுறை தலைமுறையாக இயற்கைக் குளிரை நம்பியே அந்தத் தளம் உறைந்து வந்திருக்கிறது.

தளம் உறைய வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும். மேகம் கவிந்தால் பூமியின் சூடு வெளியேறாது, நீர் உறையாது. தெளிந்த இரவில், சமப்படுத்திய தரையில் மெல்லிசாகத் தண்ணீர் விடுவார்கள். அது இறுகிய பிறகுதான் அடுத்த படலம். மொத்தமாகக் கொட்டினால் மேல்பக்கம் மட்டும் முதலில் உறையும். அதுவே மூடியாகி உள்ளே இருக்கும் நீருக்குக் குளிர் இறங்கவிடாது. பிறகு அந்த நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்து, மேல்தட்டை விரிசல்விடச் செய்யும்.

காலையில் வெயில் ஏறுமுன் ஆட்டம் முடிந்துவிடும். அப்போது தளத்தைக் கிட்டத்தில் குனிந்து பார்க்க வேண்டும். எஃகுத் தகடுகள் கிழித்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஓரங்களில் வெண்பொடி குவிந்திருக்கும். முதலில் அந்தப் பொடியைக் கூட்டித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதுவே மேடாக உறைந்து மறுநாள் ஆடுபவரின் காலை வாரிவிடும். அதன்பின் விடும் நீர் கீறல்களுக்குள் இறங்கி, பழைய பனியோடு ஒன்றாகிவிடும்.

பேரன் பேத்தி எடுத்த வயதில், குடும்ப உறவுக்கும் இதுவே பொருந்தும் என்றுதான் இளையவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. உரசல் இல்லாத குடும்பத்தை நான் கண்டதில்லை. முறிந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். பெரிய சண்டையால் முறிந்தவை அவற்றில் குறைவு. 'சீமந்தத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லை, போனில்தானே கூப்பிட்டான்' என்ற சின்ன மனத்தாங்கலை அப்படியே இறுகவிட்டு, பெற்ற தாயின் பதினாறாம் நாள் காரியத்தில்கூட முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பிகள் உண்டு.

வருஷக்கணக்கில் விட்டுவிட்டு, ஒரே நாளில் பெரியவர்களைக் கூட்டி, பேசித் தீர்த்து, விருந்து போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அது மொத்தமாகக் கொட்டிய தண்ணீர். மேலே இறுகியதுபோல் தெரியும். அடியில் ஈரம் அப்படியே நிற்கும். முதலில் குத்தலான பேச்சைக் கூட்டித் தள்ளுங்கள். 'சாப்பிட்டியா?' என்ற ஒரு கேள்வி போதும், அன்றைய படலத்துக்கு. மறுநாள் இன்னொன்று.

சிம்லாவின் குளிர்காலம் இப்போது வெதுவெதுப்பாகிவிட்டது. ஸ்கேட்டிங் நடக்கும் நாட்கள் பழைய காலத்தைவிட வெகுவாகக் குறைந்துவிட்டன. அதனால் தெளிந்த இரவு ஒன்று வாய்த்தால் அதை வீணாக்கக் கூடாது. உறவுகளுக்கும் காலம் அப்படித்தான் குறைந்துகொண்டே வருகிறது. யாரோடாவது இன்று மனம் கோணியிருந்தால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். படுக்கப் போகுமுன் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். யார் மேல் தப்பு என்ற கணக்கு அதற்குத் தேவையில்லை.