அழித்த திரை

எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சிலேட்டோடு கோவை இலையும் கொண்டு செல்வோம். சாறு வரத் தேய்த்துத் துடைத்துவிட்டால், முன்பு எழுதியிருந்தது என்னவென்று ஆசிரியராலும் கூற இயலாது. அழிப்பதென்றால் அதுதான் என்ற எண்ணத்தோடே நாற்பத்தைந்து வயதுவரை வந்துவிட்டேன்.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தனாகிய எனக்கு, லினக்ஸ் கணினியில் கோப்புகளைத் தேடியெடுக்கும் பணியும் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ‘கிளியர்’ என்று அடித்தால் எல்லாம் மறைந்து திரை வெறுமையாகும்.

ஒருநாள், உடன் பணிபுரியும் ஒருவர் மீதான விசாரணைக் கோப்பைத் திறந்தேன். கோப்பின் பெயரிலேயே அவர் பெயர் இருந்தது. வேலை முடிந்ததும் திரையை அழித்துவிட்டுத் தேநீர் அருந்தப் போனேன். அனைவரும் ஒரே பயனர் பெயரில் நுழைவது அங்கு வழக்கம். அடுத்து அமர்ந்தவர் எதற்கோ மேல் அம்பு விசையை அழுத்த, என் கட்டளை அப்படியே எழுந்து நின்றிருக்கிறது. மாலைக்குள் பிரிவு முழுதும் செய்தி பரவிற்று. குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாத மனிதர் அவர். என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அன்றிரவு போசரி வீட்டில், பொறியியல் படிக்கும் மகளிடம் கூறினேன். “திரையைத்தானே அழித்தீர்கள், அப்பா?” என்றாள்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இத்துறையில் இருப்பதால் அவர்களுக்கு இது பழங்கதை. என் போன்ற தந்தையருக்காக எழுதுகிறேன். ‘கிளியர்’ என்பது திரைக்கு மட்டும் இடப்படும் ஆணை. 1978-இல் வந்த வி.டி.100 முனையம் ஏற்ற குறிகளையே இன்றைய முனையச் சாளரங்களும் ஏற்றுத் தம்மைத் துடைத்துக்கொள்கின்றன. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் வேறு. 1989-இல் வெளியான ‘பாஷ்’ என்னும் ஷெல், மாற்றி அமைக்காவிடில், கடைசி 500 கட்டளைகளை நினைவில் வைத்து, வெளியேறுகையில் கோப்பிலும் எழுதிவிடும். ‘ஹிஸ்டரி’ என அடித்தால் பட்டியல் வரும். அச்சொல்லோடு சிறு கோடும் ‘டி’யும் வரிசை எண்ணும் சேர்த்தால் அவ்வரி நீங்கும், முன்பே கோப்பில் ஏறியிருந்தால், சிறு கோடும் ‘டபிள்யூ’வும் இட்டுக் கோப்பைத் திரும்ப எழுதச் செய்ய வேண்டும். திரைகள் வருமுன் டெலிடைப் பொறி எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சிட்டது. அழிந்ததாக யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். எழுத்தர் குலத்துக்கு அதுவே ஏற்றது போலும்!

மறுநாள் உணவு வேளையில் அவரிடம் சென்று, செய்தி என்னால்தான் வெளியாயிற்று என்றேன்.

“மாஹீத் ஆஹே” என்றார். தெரியுமாம். டப்பாவை என் பக்கம் நகர்த்தவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை.