ஸலாமத்து மணி

சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் ஓர் இரவு, தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்த என் உம்மா, ஒளூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். வயது 78. அப்போது மணி மூன்று இருக்கும். காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரும் பெண்மணி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பதில் வராமற் போகவே, அண்டை வீட்டாரை அழைத்தார். முன்கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. கொல்லைக் கதவை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது.

எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான்கு மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். "சுபுஹு பாங்கு கேட்டிச்சு. கெடந்த கெடையிலேயே சைகை பண்ணித் தொழுதுட்டேன்" என்று பின்னர் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். பள்ளியின் பாங்கொலி அவர்களை எட்டியது. அவர்களுடைய குரல்தான் தெருவை எட்டவில்லை. சென்னையில் இருந்த நான் அந்த நான்கு மணி நேரமும் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். அங்கே வீடு பெண்ணுக்குரியது. திருமணத்திற்குப் பின்னும் மகள் தாய்வீட்டிலேயே இருப்பாள். மருமகன்தான் அவ்வீட்டிற்கு வருவார். ஆகவே முதிய தாய் தனித்து வாழ்வது என்பதை எங்கள் முன்னோர் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். வீடுகளுக்கிடையே பெண்கள் புழங்குவதற்கென்றே முடுக்குகள் உண்டு. அடுத்த வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் இந்த வீட்டிலிருந்து, "லாத்தா, என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். கணவரின் வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் முன்னிட்டு நான் ஊரைவிட்டு வந்தேன். எனக்கென்று உள்ள வீட்டில் நான் இல்லை. உம்மா மட்டும் இருக்கிறார்கள். சென்னைக்கு அழைத்தால், "நான் இந்த மண்ணுலதான் மௌத்தாகணும்" என்பதே பதில். இரு பக்கத்து வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மற்றொன்றுக்குச் செல்லும் முடுக்குக் கதவு, எந்த மனத்தாங்கலும் இன்றி, பழக்கம் விட்டுப்போனதாலேயே துருப்பிடித்து நின்றது.

விழுவதைக் காட்டிலும், விழுந்தபின் எழ முடியாமற் கிடப்பதே பெருந்தீங்கு என்று மருத்துவர் விளக்கினார். நீண்ட நேரம் ஒரே பக்கமாய்க் கிடந்தால் தோல் புண்ணாகும். அழுந்திய தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். உடலின் நீர் வற்றும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயது கடந்தோரிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2008ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓராண்டுக் காலத்தில் விழுந்தவர்களுள் நூற்றுக்கு 30 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் உதவிக்கு அழைக்கும் பொத்தான் இருந்தும், பெரும்பாலான வேளைகளில் அது பயன்படவில்லை என்பதே அவ்வாய்வில் என்னைத் திடுக்கிட வைத்த செய்தி. சிலர் அதை அணியவே இல்லை. சிலர் வேண்டுமென்றே அழுத்தவில்லை. சிலருக்கு அழுத்த முயன்றும் இயலவில்லை.

என் காக்கா ஹாங்காங்கில் தொழில் செய்கிறார். 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரில் வந்த கடுங்குளிரில் தனித்து வாழ்ந்த முதியோர் பலர் கேட்பாரற்று மாண்டனர். அதன்பின் அவ்வாண்டே அங்கு ஏற்பட்டதுதான் 'பிங் ஓன் சுங்' என்னும் சேவை. முதியவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரவும் பகலும் விழித்திருக்கும் ஒருவர் மறுமுனையில் பேசுவார். அம்முதியவரின் நோய், மருந்து, உறவினரின் தொலைபேசி எண் எல்லாம் அவர் முன் இருக்கும். 'பிங் ஓன்' என்றால் பத்திரம், அமைதி. நம் வழக்கில் சொன்னால், ஸலாமத்து மணி.

அத்தகைய ஒன்றை உம்மாவுக்கும் வாங்குவோம் என்ற காக்கா, கூடவே இன்னொன்றும் சொன்னார்: "வீட்டில் கேமரா வைத்துவிடுவோம். எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாம்." எனக்கும் அது சரியென்றே பட்டது. உம்மாவிடம் சொன்னபோது அவர்கள் கோபிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சொந்த வீட்டில், என் முன்னிலையில், அந்தக் கை தானாக முக்காட்டிற்குப் போயிற்று. அதைக் கண்டதும் வெட்கினேன்.

ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் சிறு பிள்ளைகள்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்று சூரத்துந் நூர் 58ஆம் வசனம் கற்பிக்கிறது. பெற்ற தாயிடம் செல்லவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று வினவிய ஒருவருக்கு, ஆம் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. ஹாங்காங்கிலிருந்தும் சென்னையிலிருந்தும் அனுமதி கேளாமல் எட்டிப் பார்க்கும் கண்ணை நாம் அன்பு என்று அழைக்கலாம். அதனால் அது அனுமதி பெற்றதாகிவிடாது. கேமரா வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்து, கழுத்தில் தொங்கவிடும் பொத்தான் வந்தது. சிறு பதக்கம் போலிருந்தது. உம்மா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்கள். "உங்க வாப்பா மௌத்தானப்போ கருகமணியக் கழட்டினேன். அப்புறம் இந்தக் கழுத்துல ஒண்ணும் ஏறல. இனிமே ஏத்தாதே" என்றார்கள். பதினொரு ஆண்டுகளாக அந்த வெறுங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது ஒரு தீர்மானம் என்று அன்றுதான் விளங்கியது.

பிறகு கைக்கடிகாரங்களைப் பார்த்தோம். 2018ஆம் ஆண்டு வந்த ஆப்பிள் கடிகாரம் முதல் பலவும், அணிந்தவர் விழுந்ததைத் தாமே உணர்ந்து அழைக்கக்கூடியவை. ஆனால் அவற்றிற்கு நாள்தோறும் மின்னூட்ட வேண்டும். மறந்தால் அது வெறும் வளையல். மேலும் ஒளூவின்போது முழங்கை வரை நீர் படர வேண்டுமே! உம்மா ஐந்து வேளையும் கழற்றி வைப்பார்கள். அவர்கள் விழுந்ததும் ஒளூச் செய்யும் இடத்தில்தான். ஆபத்துள்ள இடத்தில் இல்லாத கருவி எதற்கு?

முடிவில் மிக எளிய ஒன்றைத் தேர்ந்தோம். நீர் புகாத, மணிக்கட்டில் தளர்வாகக் கட்டும் பொத்தான். வாரை நகர்த்தி அடியில் நீர் செல்லச் செய்தால் போதும் என்று ஆலிம் ஒருவர் சொன்னபின் உம்மா இணங்கினார்கள். ஒளூச் செய்யும் இடத்துச் சுவரில் இரண்டாவது பொத்தான், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். விழுந்து கிடப்பவரின் கை அதற்கு மேல் எட்டாது.

அழுத்தினால் யார் எடுப்பது என்பதுதான் கடைசிக் கேள்வி. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. ஆனால் உள்ளே தாழிட்ட கதவை அது திறக்குமா? ஆகவே முதல் அழைப்பு அடுத்த வீட்டு லாத்தாவுக்கு, இரண்டாவது தெருமுனைக் கடைக்காரருக்கு, மூன்றாவது எனக்கு என்று அமைத்தோம். முன்கதவின் உள்தாழ்ப்பாளை அகற்றி, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டைப் பொருத்தி, ஒரு சாவியை லாத்தாவிடம் கொடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்து, இரவு பத்து மணிக்கு என் தொலைபேசி ஒலித்தது. நெஞ்சு அடைக்க எடுத்தேன். மறுமுனையில் சிரிப்பும் தேநீர்க் குவளைகளின் ஓசையும் கேட்டன. உம்மா போர்வையை உதறியபோது பொத்தான் அழுந்திவிட்டதாம். சாவியைத் தேடி நேரத்தைப் போக்காமல், லாத்தாவின் மகன் துருப்பிடித்த முடுக்குக் கதவைத் தோளால் இடித்துத் திறந்து வந்துவிட்டான். கடைக்காரர் தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். எத்தனை நாளாயிற்று, அந்த வீட்டில் இரவில் நான்கு பேர் கூடி!

அந்தக் கதவை இப்போது மூடுவதில்லை என்று கேள்வி.

நாங்கள் கருவி வாங்கிய பணத்தைக் கொண்டு கடமை தீர்ந்தது என்று நான் எண்ணவில்லை. ஃபஜ்ருக்குப் பின் நாள்தோறும் உம்மாவுக்குப் பேசுகிறேன். முன்பு வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே பேசினேன். விழுவதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாம். உங்கள் இல்லத்திலும் இத்தகைய முதியவர் தனித்திருந்தால், எந்தக் கருவி என்று கேட்குமுன், அது ஒலித்தால் ஓடிவருபவர் யார், அவருக்குக் கதவு திறக்குமா என்று கேளுங்கள். அதற்கும் முன்னே அந்தத் தாயிடமே கேளுங்கள், அனுமதி பெற்று.

பெற்றோரின் முதுமையில் அவர்களுக்கு நம்மைக் குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.