எதிரொலிக்கும் ஓர் இடம் உண்டு

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் ஆராய்ந்து சொன்ன மலைப்பகுதியில், 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் நிறுவிய போ நிறுவனம் தேயிலை பயிரிட்டது. அங்குக் காடழித்துக் கன்று நட்ட கைகளில் தமிழர் கைகள் பல. அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் இன்று நகரவாசிகள். எனினும் மாரியம்மன் திருவிழா அவர்களை மீண்டும் மலையேற்றுகிறது. அம்மேடையில் தோட்டத்துப் பிள்ளைகளே இசைக்க வேண்டுமென்பது பெரியோர் விருப்பம்.

ஓராண்டு அம்மேடையில் கிட்டார் வாசித்த இளைஞன் ஒருவன் தலைகுனிய நேர்ந்தது. பினாங்கின் அல்லிகேட்ஸ் குழுவில் கிட்டார் இசைத்துப் பாடிப் புகழ்பெற்று, 2007இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகத்தை முன்மாதிரியாகக் கொண்டவன் அவன். ஒலிபெருக்கியைக் கரகரப்பாக முறுக்கி வைத்து, எதிரொலிப் பெடலை அதன் முன்வாயிலில் இணைத்திருந்தான். அம்மன் பாட்டின் மெட்டு கரைந்து இரைச்சலே மிஞ்சிற்று. “அடுத்த ஆண்டு பதிவுப் பாட்டே போதும், தம்பி” என்றார் பெரியவர் ஒருவர்.

பிழை விரலில் இல்லை, இணைப்பில் இருந்தது. கிட்டார் ஒலிபெருக்கிக்குள் இரு பகுதிகள் உண்டு. முன்பெருக்கி மெல்லிய ஒலியலையை வலுவாக்கி, நிறமும் கரகரப்பும் ஊட்டும். திறன்பெருக்கி ஒலிப்பானை அதிரச் செய்யும் ஆற்றலை அளிக்கும். எதிரொலி முன்பெருக்கிக்கு முன்னரே சேர்ந்துவிட்டால், அசலும் எதிரொலியும் ஒன்றாய் நசுங்கும். தேய்ந்து மறைய வேண்டிய ஒலி அடுத்த சுரத்தின்மீது ஏறி அமரும். இதனைத் தவிர்க்கவே பல ஒலிபெருக்கிகளின் பின்புறத்தில் ‘செண்ட்’, ‘ரிட்டர்ன்’ என்னும் இரு துளைகள் உள்ளன. முன்பெருக்கியைக் கடந்த ஒலி முதல் துளையின் வழியே எதிரொலிப் பெடலுக்குச் சென்று, இரண்டாவதன் வழியே திறன்பெருக்கிக்குத் திரும்புகிறது.

இவ்வுண்மையை அறிந்தவன் பெடல்களை மாற்றி அடுக்கினான். மலையின் ஈரம் மற்றொரு பாடமும் புகட்டிற்று. பெடலின்றிப் பயிலும்போது ஒலி விட்டுவிட்டு மறைந்தது. இரு துளைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தான்; ஒலி திரும்பிற்று. ரிட்டர்ன் துளையின் உட்தொடுப்பில் களிம்பேறியிருந்ததை உணர்ந்து துடைத்துச் சீராக்கினான்.

மறுமுறை கெஞ்சிப் பெற்ற ஒரே பாட்டுக்கு மேடை ஏறினான். மெட்டு தெளிவாக எழுந்தது. எதிரொலி அதன்பின் அடக்கமாக வந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பழைய கொழுந்துக்காரப் பாட்டி ஒருவர் பாட்டை இனங்கண்டு உடன்பாடத் தொடங்கினார். பதிவுப் பாட்டைப் பற்றி எவரும் பேசவில்லை.

பள்ளத்தாக்கில் ஒருவர் கூப்பிட்டு முடித்த பின்னரே மலை மறுமொழி தருகிறது. சேர்க்கும் பொருள் நன்றாயினும், சேர்க்கும் இடம் அறிதல் வேண்டும். இசைக்கு மட்டுமன்றி, இளையோர் கற்கும் அனைத்திற்கும் இது பொருந்தும் அன்றோ!